முனையில் நிற்க ஒரு பலகை

புதுக்கோட்டை என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சித்தன்னவாசல் ஓவியம் வரும். திருமயம் கோட்டை வரும். தொண்டைமான் ராஜா வருவார். கடல் மட்டும் வராது. அது உங்கள் குற்றம் அல்ல. பழைய சமஸ்தானத்துக்குக் கடற்கரையே கிடையாது. 1974 ஜனவரி 14-ந் தேதி புதுக்கோட்டை தனி ஜில்லா ஆனபோது, தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து அறந்தாங்கிப் பக்கம் வந்து சேர்ந்தது. அதோடு கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று ஒரு கடற்கரையும் சீதனமாக வந்தது!

வந்த கடலும் பரம சாது. பாக் விரிகுடாவில் ஆழம் குறைவு. கிழக்கே இலங்கை மறித்துக்கொண்டு நிற்கிறது. வங்கக் கடலின் பெரிய அலைகள் உள்ளே வருவதில்லை. காலை வேளையில் பார்த்தால், குளம் என்றே சொல்லிவிடலாம். இப்பேர்ப்பட்ட கரையில், அலைமேல் ஏறி நின்று சறுக்குவதற்கு ஒரு பலகை செய்தார்கள் என்றால் சிரிக்க மாட்டீர்களா? நானும் சிரித்தேன். செய்யச் சொன்னவள் என் அக்காவின் பெண்.

அவள் சென்னையில் காலேஜில் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோவளத்துக்குப் போய்விடுவாள். அங்கே 2012-ல் மீனவ இளைஞர் மூர்த்தி மேகவன் முதலானோர் அலைச்சறுக்குப் பள்ளி ஆரம்பித்த பிறகு, அந்த ஊர் இந்த விளையாட்டுக்குப் பெயர் போய்விட்டது. விளையாட்டிலும் இரண்டு ஜாதி உண்டு. சின்னப் பலகையை வைத்துக்கொண்டு அலையை வெட்டிக் குதிப்பவர்கள் ஒரு ஜாதி. ஒன்பது, பத்து அடி நீளப் பலகையின் நடுவிலிருந்து, கால்மேல் கால் மாற்றி வைத்து, கோலத்தை மிதிக்காமல் நடக்கிற மாதிரி நடந்து, முன்முனைக்குப் போய் விரல்களை விளிம்பில் மடக்கிக்கொண்டு நிற்பவர்கள் இன்னொரு ஜாதி. இதை ‘நோஸ்ரைடிங்’ என்கிறார்கள். எங்கள் பெண்ணுக்கு இந்த இரண்டாவது பைத்தியம்.

பலகையின் முனையில் ஒரு ஆள் நின்றால் அது குப்புறக் கவிழாதோ? கவிழத்தான் வேண்டும். ஆனால், ஏறிவரும் அலையின் தண்ணீர் பலகையின் வால் பக்கத்தின்மேல் புரண்டு ஓடி அதைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. அது மட்டுமல்ல. இதை நீங்கள் சமையலறையிலேயே சோதித்துப் பார்க்கலாம். குழாயைத் திறந்துவிட்டு, ஒரு கரண்டியைக் காம்பு நுனியில் தளர்வாகப் பிடித்து, அதன் முதுகை நீர்த்தாரையில் லேசாகத் தொடவிடுங்கள். தண்ணீர் கரண்டியைத் தள்ளும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை, தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். வளைந்த பரப்பை ஒட்டி ஓடும் தண்ணீருக்கு அந்தக் குணம் உண்டு. அதனால்தான் இந்தப் பலகையின் ஓரங்களைக் கூராகச் செதுக்காமல் கரண்டி முதுகு போல உருட்டி வைக்கிறார்கள். வாலைச் சற்று மேல்நோக்கி வளைக்கிறார்கள். முனையை அகலமாக்கி, அதன் அடியில் ஆழமில்லாத ஒரு குழிவு குடைகிறார்கள்; அந்தக் குழிவு முனையைத் தாங்குகிறது.

அக்காவுக்கு இந்த சாஸ்திரமெல்லாம் ஏறவில்லை. “பெண் குழந்தைக்கு எதுக்குடீ கடல் சமாசாரம்?” என்று என்னைத்தான் பிடித்துக்கொண்டாள். நான் ஹவாய் நாட்டு இளவரசி கையூலானியைச் சாட்சிக்கு அழைத்தேன். 1875-ல் பிறந்த அந்த ராஜகுமாரி அலைச்சறுக்கில் கெட்டிக்காரி. அவளுடைய பலகை இன்றும் ஹொனலுலு பிஷப் மியூசியத்தில் இருக்கிறது. அங்கே பிரபுக்களின் நீண்ட பலகைகளை ‘விலிவிலி’ என்ற லேசான மரத்தில் செய்வார்களாம். அது, அடைக்கு இலை அரைக்கிறோமே, அந்தக் கல்யாண முருங்கைக்கு ஒன்றுவிட்ட சகோதரம். அக்கா, “இளவரசிக்கு ஆள் அம்பு உண்டு. இவளுக்கு?” என்றாள். நியாயமான கேள்வி. கடைசியில், மற்றவர் துணையில்லாமல் கடலில் இறங்குவதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டாள்.

வெளிநாட்டுப் பலகையின் விலை எங்களுக்குக் கட்டாது. மணமேல்குடிப் பக்கம் எங்கள் உறவினர் ஒருவருக்குத் தெரிந்த ஆசாரியார் இருந்தார். வத்தையும் வல்லமும் கட்டிய கை. 2004 சுனாமிக்குப் பிறகு பைபர் படகுகள் பெருகிவிட்டன. அவருக்கு மர வேலை நின்றுபோய், பைபரில் ஓட்டை அடைக்கிற வேலைதான் மிச்சம். பிள்ளைகள் சிங்கப்பூரில். பட்டறையில் வாய்ச்சியும் இழைப்புளியும் எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. வேலை இல்லாத ஆயுதங்களுக்கு அவ்வளவு உபசாரம்!

முதல் நாளே சண்டை. பெண் கொண்டுவந்த படத்தைப் பார்த்துவிட்டு, “என்ன ஆத்தா, ஓரத்தை இப்படி உருட்டி, பின்னாலயும் தூக்கி வச்சா தண்ணி பிடிச்சு இழுக்குமே! ஓடாதே!” என்றார். ஐம்பது வருஷமாகத் தண்ணீரை உதறிவிட்டு ஓடுகிற பின்பக்கமே செய்தவர் அவர்.

“இழுக்கணும் தாத்தா. அதுதான் வேணும்.”

அவர் பதில் பேசவில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். காரியம் கெட்டது என்றே நினைத்தேன். திரும்பி வந்து, “முனையில ஆள் நிக்கிறதுக்காகவா?” என்று கேட்டார். பிறகு தம் தகப்பனார் காலத்தைச் சொன்னார். காற்று பலமாக அடித்தால், படகுக்குக் குறுக்கே ஒரு நீளப் பலகையைக் கடல்மேல் நீட்டி, ஆட்கள் அதன் நுனிக்குப் போய் உட்கார்ந்து படகு சாயாமல் பார்த்துக்கொள்வார்களாம். சென்னை மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-ல் வெளியிட்ட இந்தியப் படகுகள் பற்றிய ஆராய்ச்சியில், பாக் விரிகுடாவின் இந்தச் சமன் பலகையைப் பற்றி விவரமாக எழுதியிருக்கிறார். பலகை நுனியில் ஆள் ஏறுவது ஆசாரியாருக்குப் புதிதே அல்ல!

அதற்குப் பிறகு வேலை ஓடியது. ஒன்பதரை அடி நீளம், இருபத்துமூன்று அங்குல அகலம், நடுவில் மூன்று அங்குல கனம். மலிவு என்று தெர்மக்கோல் கட்டி வாங்கியிருந்தோம். அவர் அவசரப்படாமல், படகுக்குப் பூசும் ரெசினில் ஒரு சொட்டை ஒரு துணுக்கின்மேல் விட்டார். கற்பூரம் போல அது கரைந்து போயிற்று! அந்தப் பாலியெஸ்டர் ரெசின் தெர்மக்கோலைத் தின்றுவிடும், எபாக்ஸி தின்னாது. எபாக்ஸி வரவழைத்தோம். இரண்டு கட்டிகளுக்கு நடுவே ஒரு மெல்லிய மரக்கீற்றை வைத்து ஒட்டினார். ரம்பத்தால் அறுத்து, உப்புத்தாளால் தேய்த்தார். அளவுகோலை விட உள்ளங்கையைத்தான் நம்பினார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு ஓரங்களையும் ஒரே சமயத்தில் தடவி, “இடது பக்கம் கொஞ்சம் தடிப்பு” என்பார். அளந்து பார்த்தால் தடிப்புத்தான். அதன்மேல் கண்ணாடி இழைத் துணி போர்த்தி ரெசின் பூசினார்.

அடியில் வால் பக்கம் ஒரு துடுப்பு வேண்டும். 1935-ல் டாம் பிளேக் என்ற அமெரிக்கர் மோட்டார் படகின் உலோகத் தகடு ஒன்றைப் பலகையின் அடியில் பொருத்திப் பார்த்த பிறகுதான் இந்த வழக்கம் வந்தது. நம் ஆசாரியார், 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த பலா மரத்தின் பலகையிலிருந்து பத்து அங்குலத்தில் ஒன்று செதுக்கினார். “திரும்பாத சுக்கான்” என்று அதற்குப் பெயரும் வைத்தார்.

இந்தக் கலைக்கு ஒரு காலத்தில் எவ்வளவு மோகம் தெரியுமோ? 1965-ல் கலிபோர்னியாவில் டாம் மோரி என்பவர் பந்தயமே நடத்தினார். முனையில் யார் அதிக விநாடி நிற்கிறார் என்று கடிகாரம் பிடித்துப் பணப்பரிசு கொடுத்தார். சில வருஷங்களுக்குள் சின்னப் பலகைகள் வந்து நீளப் பலகைகளைப் பரணில் ஏற்றிவிட்டன. பிற்பாடு அவை மெல்ல இறங்கி வந்தன. நாகரிகம் புடைவைக்கரை மாதிரிதான் போலிருக்கிறது.

கோவளத்தில் முதல் நாள் அவள் பதினோரு தடவை விழுந்தாள். அக்கா எண்ணினாள், நான் எண்ணவில்லை. பன்னிரண்டாவது தடவை நாலே அடி எடுத்து வைத்து முனைக்குப் போய் நின்றாள். நாலு விநாடி இருக்கும். பின்பக்கம் தண்ணீருக்குள் அமுங்கி, முன்பக்கம் காற்றில் நீண்டு நின்றது. அக்கா என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் ஒன்று உடைந்தது.

அன்று மாலை ஆசாரியார் டெலிபோனில் கூப்பிட்டார். விழுந்தாளா, அடி பட்டதா என்று ஒன்றும் கேட்கவில்லை. “வால் உக்காந்துச்சா?” என்றார்.

“உக்காந்துச்சு தாத்தா. ஆனா முனைக் குழிவு இன்னும் கொஞ்சம் இருக்கலாம்.”

“அரை அங்குலமா, கால் அங்குலமா?” என்று அவர் ஆரம்பித்தார், அரை மணி நேரம் பேசினார்கள். இப்போது கோவளத்துப் பெண்கள் இரண்டு பேர் அவரிடம் பலகைக்குச் சொல்லியிருக்கிறார்கள். எபாக்ஸியை இங்கே வாங்கிப் பஸ்ஸில் போட்டு அனுப்புவது என் பொறுப்பாகிவிட்டது.