மேலே போன டிஃபெண்டர்

ஸ்ட்ரைக்கர் கிளப்பை விட்டுப் போனால் யாருக்கும் பெரிய ஆச்சரியம் இருக்காது. கோல் போடுகிறவனுக்கு எப்போதும் நாலு பேர் வலை வீசிக்கொண்டுதான் இருப்பார்கள். டிஃபெண்டர் போவது வேறு மாதிரி. வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போன மாதிரி இருக்கும். இருக்கிற வரைக்கும் கதவை யாரும் பாராட்டுவதில்லை. போன பிறகுதான் காற்று உள்ளே வருவது தெரியும்.

2020ஆம் வருடம், ஊரடங்கு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துகொண்டிருந்த சமயம். சென்னை சிட்டி எஃப்சி அணியின் டிஃபெண்டர் அஜித் குமார் பெங்களூரு எஃப்சிக்குப் போகிறார் என்று செய்தி வந்தது. பள்ளிகொண்டாவில் பாலாற்று மணலில் சாயங்காலம் பந்து உதைக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை பார்க்கும் அண்ணன், பஞ்சர் கடை பாய், காலேஜ் பசங்க மூன்று பேர், வேலை தேடிக்கொண்டே இருக்கும் ஒருவர். (எல்லா ஊர் அணியிலும் அப்படி ஒருவர் இருப்பார்.) செய்தியைக் கொண்டுவந்தவன் "அஜித் மேல போய்ட்டாரு ணா" என்று ஆரம்பிக்க, பாய் பதறிப்போய் "இன்னாடா ஆச்சு, கொரோனாவா?" என்று கேட்டுவிட்டார். விளக்கிச் சொல்லச் சிரிப்பு அடங்கியது. அதன்பிறகு சண்டை ஆரம்பித்தது.

சண்டைக்கு ஒரே காரணம் அந்த 'மேல' என்கிற சொல்தான்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 2019 மார்ச் 9, சனிக்கிழமை. கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டிக்கும் மினர்வா பஞ்சாபுக்கும் ஐ-லீக் கடைசி ஆட்டம். ஜெயித்தால் கோப்பை. தோற்றால், அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலத்தோடு ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் தூக்கிக்கொண்டு போய்விடும். ஆரம்பத்திலேயே மினர்வா ஒரு கோல் போட்டது. பெனால்டியில் பெட்ரோ மான்சி சமன் செய்தார். அடுத்த இரண்டு கோலும் கௌரவ் போரா போட்டார். அவர் ஸ்ட்ரைக்கர் இல்லை, டிஃபெண்டர்! 3-1. சென்னை சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. அந்தக் கூட்டத்தில் இரண்டு பேர் காட்பாடியில் ரயிலேறிப் போய் அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள். திரும்பி வந்து ஒரு வாரத்துக்கு அவர்களுக்குத் தொண்டையே இல்லை.

அந்த மாதம் டிஃபெண்டர்களுக்கு யோகம் போலிருக்கிறது. எட்டு நாள் கழித்து, மார்ச் 17இல், ஐ.எஸ்.எல் இறுதிப் போட்டியில் கோவாவை 1-0 என்று பெங்களூரு ஜெயித்தது. கூடுதல் நேரத்தில் தலையால் முட்டிக் கோல் போட்டவர் ராகுல் பேக்கே. அவரும் டிஃபெண்டர்தான்.

ஆக, நாட்டின் லீக் சாம்பியன் சென்னை சிட்டி. அப்புறம் அங்கிருந்து ஒருவர் எப்படி 'மேலே' போக முடியும்? காலேஜ் பசங்களில் ஒருவன் இதைத்தான் பிடித்துக்கொண்டான். அவன் கேள்வி நியாயமானது. 2019 வரைக்கும் ஐ-லீக்தான் நாட்டின் முதல் நிலை லீக் என்று பெயர். 2014இல் பணத்தோடும் சினிமா, கிரிக்கெட் நட்சத்திரங்களோடும் வந்த ஐ.எஸ்.எல் அதற்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 2019 அக்டோபரில் கோலாலம்பூரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு முன்னிலையில் கூட்டம் போட்டு, இனி ஐ.எஸ்.எல்தான் முதல் நிலை என்று முடிவு செய்தார்கள். சென்னை சிட்டியை யாரும் புள்ளிப் பட்டியலில் கீழே தள்ளவில்லை. கூட்டம் முடிந்தபோது சாம்பியன் இரண்டாம் நிலைக்குப் போயிருந்தான்!

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. அஜித்துக்கு ஒரு வருடம் முன்னால், 2019இல், அதே சாம்பியன் அணியிலிருந்து எட்வின் சிட்னி வான்ஸ்பால் சென்னையின் எஃப்சிக்குப் போனார். நடுக்களத்திலும் ஆடுவார், ரைட் பேக்காகவும் நிற்பார். அந்த சென்னையின் அணி 2018-19 ஐ.எஸ்.எல்லில் 18 ஆட்டத்தில் 9 புள்ளி எடுத்துப் பத்தாவது இடம். இருந்ததே பத்து அணிகள்தான். முதலிடத்திலிருந்து கடைசி இடத்துக்குப் போனவரையும் 'மேலே போனார்' என்றுதான் எல்லாரும் எழுதினார்கள். அது தப்பென்றும் சொல்லிவிட முடியாது. சென்னையின் அடுத்த வருடமே இறுதிப் போட்டி வரை போனது.

கட்டிங் அண்ணனுக்கு இந்த வாதம் எதுவும் ஏறவில்லை. "போவட்டும்டா. அவன் கால் இன்னும் பத்து வருசம் ஓடுமா? அதுக்குள்ள நாலு காசு பாக்கணும். நீ ஊதுற விசில்ல அவன் வீட்ல அடுப்பு எரியுமா?" என்றார். அவர் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கதை புதிதே இல்லை. ஒரு சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டில் ஒரு பெண் அப்பர் தைக்கக் கற்றுக்கொள்வாள். ஆரம்பத்தில் பாழாகும் தோலெல்லாம் அந்த யூனிட்காரர் கணக்கில். கை ஓட ஆரம்பித்ததும் பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனி கூப்பிடும். பி.எஃப், இ.எஸ்.ஐ, வாசலுக்கே வரும் கம்பெனி வண்டி. போகாதே என்று எந்த மனுஷன் சொல்வான்? யூனிட்காரர்கூட வாயால் சொல்ல மாட்டார். அடுத்த ஆளுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்துவிடுவார்.

பாய் மட்டும் ஒரு இடத்தில் மடக்கினார். "அது சரிப்பா. ஆனா அந்த யூனிட்டும் நல்லா நடந்தா ஒருநாள் பெரிய கம்பெனி ஆவலாம். இங்க சென்னை சிட்டி எத்தனை கப் அடிச்சாலும் ஐ.எஸ்.எல் போவ முடியாதாமே?"

அன்றைய பேச்சில் உருப்படியான கேள்வி இதுதான். பல நாடுகளில் லீக்குகள் ஏணி மாதிரி. ஜெயித்த கிளப் மேல் படிக்கு ஏறும், தோற்றது இறங்கும். 2020இல் இந்தியாவில் அந்த ஏணியில் கிளப்புகளுக்குப் படி இல்லை. பெங்களூரு எஃப்சியே இரண்டு முறை ஐ-லீக் ஜெயித்த அணிதான். ஆனால் 2017இல் ஐ.எஸ்.எல்லுக்குள் வந்தது ஜெயித்த கணக்கில் இல்லை, ஏலத்தில் இடம் பிடித்து. அப்படிப் பணம் கட்டாத கிளப்பிலிருந்து ஆட்டக்காரன் மட்டும்தான் மேலே போகலாம். அப்படி இருக்கும்போது போகிறவனைத் துரோகி என்று திட்டுவதில் அர்த்தமே இல்லை. கோபம் போய்ச் சேர வேண்டிய விலாசம் வேறு.

பணக்கணக்கும் கொஞ்சம் பார்க்கலாம். 1995 டிசம்பரில் வந்த போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு, ஐரோப்பாவில் ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரைப் பழைய கிளப் பிடித்து வைக்க முடியாது; மாற்றுத் தொகையும் கேட்க முடியாது. பின்னர் ஃபிஃபா விதிகளும் அப்படியே ஆயின. அதனால் பாதிக்கப்படும் சின்னக் கிளப்புகளுக்காக ஒரு ஏற்பாடும் வைத்தார்கள். நாடு விட்டு நாடு தொகை கொடுத்து ஒருவரை வாங்கினால், அதில் 5 சதவீதம் அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போவது நாடு விட்டு நாடு இல்லையே!

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இதில் ஒரு சுவாரஸ்யம். ஒரு கிளப் காசு கொடுத்து வாங்கிய ஆட்டக்காரரின் உரிமை, ஐந்தொகையில் புலனாகாச் சொத்தாக உட்காரும். ஒப்பந்தம் நான்கு வருடம் என்றால் நான்கு வருடத்துக்குப் பிரித்துப் போக்கெழுதுவார்கள். அதே கிளப் பொடிப்பையனாக எடுத்துப் பாலூட்டி வளர்த்த டிஃபெண்டருக்கு அங்கே மதிப்பு பூஜ்யம். வாங்கியிருந்தால்தான் சொத்து. தானாக வளர்ந்தவன் வெறும் சம்பளச் செலவு. எனவே அவன் போகும்போது புலனாகாச் சொத்துக் கணக்கில் ஒரு வரிகூட அசையாது. மாறுவது மைதானத்தின் பின்வரிசைதான்.

சென்னை சிட்டியின் பின்வரிசை மட்டும் மாறவில்லை. 2020 தொடக்கத்திலேயே மான்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நிகாட்டாவுக்குப் போய்விட்டார். 21 கோல் போட்டவர். அந்த ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபாவிடம் 0-1 தோல்வி. கோவையின் அணி தன் சொந்த ஆட்டத்தை அகமதாபாத்தில் ஆடியது, அது தனி வயிற்றெரிச்சல். கோப்பை வாங்கிக் கொடுத்த சிங்கப்பூர் பயிற்சியாளர் அக்பர் நவாஸும் அந்த வருடமே விலகினார். கௌரவ் போரா ஒடிசா பக்கம் போனார். ஒவ்வொருவர் போனதற்கும் தனித்தனியாக நல்ல காரணம் உண்டு, அதுதான் கொடுமை. யாரையும் குறை சொல்ல முடியாமலேயே ஒரு அணி கரைந்தது. 2021-22 ஐ-லீக்கில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை.

அஜித்தின் முதல் பெங்களூரு சீசனைப் பள்ளிகொண்டா கூட்டத்தால் நேரில் பார்க்கவும் முடியவில்லை. ஊர் இருப்பது சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில். டோல்கேட்டில் கை காட்டினால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பஸ் கிடைக்கும். ஆனால் 2020-21 ஐ.எஸ்.எல் முழுவதையும் கொரோனாவால் கோவாவில், ஆளில்லாத மைதானங்களில் நடத்தினார்கள். பெங்களூரு அந்த முறை ஏழாவது இடம். ஆட்டம் நடக்கும் நாளில் கட்டிங் அண்ணனின் போன் ஒரு செங்கல்லின் மேல் சாய்ந்து நிற்கும், ஆறு தலைகள் அதைச் சுற்றி. துரோகி என்று கத்திய பையன்தான், அஜித்துக்குப் பந்து போனதும் முதலில் "நம்மாளு, நம்மாளு" என்பான். கேலி செய்தால், "ஆள் மேலதான்டா பாசம், அந்த கிளப் மேல இல்ல" என்று சமாளிப்பான்.

2022இல் அஜித் சென்னையின் எஃப்சிக்கு வந்தார். அடைத்துக் கிடந்த அந்தப் படியும் ஒருவழியாக வந்தது. 2022-23 ஐ-லீக்கை ஜெயித்த பஞ்சாப், ஜெயித்த தகுதியிலேயே ஐ.எஸ்.எல்லுக்கு ஏறியது. பஞ்சாப் என்றால், அன்றைக்குக் கோவையில் 3-1 என்று தோற்ற அதே மினர்வாதான், கைமாறிப் பெயர் மாறியது. பாயிடம் இதைச் சொன்னபோது டயரிலிருந்து தலையை எடுக்காமல், "நாலு வருசம் முன்னாடி வெச்சிருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார்.