தட்டில் பதியாத வாசனை

மத்திய கொல்கத்தாவின் ரவீந்திர சரணி. பழைய ஆட்களுக்கு அது இன்னும் சித்பூர் ரோடுதான். நாகோதா மசூதியை நெருங்கும்போதே ரோஜாவும் வெட்டிவேரும் மல்லிகையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மூக்கில் ஏறுகின்றன. அங்குள்ள அத்தர் கடைகளில் மூத்தது 'ஹாஜி குதா பக்ஷ் நபி பக்ஷ்'. தொடங்கிய ஆண்டு 1824. மசூதிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 1926-ல். தொழுகைக் கூடத்தைவிடக் கடைக்கு நூறு வயது அதிகம்.

அத்தர் அவசரக்காரர்களுக்கான சரக்கு அல்ல. பூவையும் நீரையும் செப்பு அண்டாவில் இட்டு, மூடியைக் களிமண்ணால் பூசி, விறகுத் தீயில் காய்ச்சுவார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியே இறங்கி, சந்தன எண்ணெய் வைத்த இன்னொரு பாத்திரத்தில் அடங்கும். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் நகரில் இன்றும் இதுதான் முறை. ஆல்கஹால் கிடையாது என்பதால் தொழுகைக்குப் போகிறவர்களும் தயங்காமல் பூசிக்கொள்ளலாம். ரம்ஜான் மாதத்தில் வியாபாரம் சூடுபிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அத்தரை அறிந்தவர்கள் தேடி வந்து வாங்குவார்கள். அறியாதவர்களையும் வாங்க வைக்க முடியும் என்று காட்டியவர் அதே நகரில், சற்றுத் தெற்கே பௌபஜாரில் இருந்தார். பெயர் ஹேமேந்திர மோகன் போஸ். ஊர் அழைத்தது ஹெச். போஸ்.

மருத்துவம் படிக்க வந்தவர் அவர். சோதனைச் சாலை விபத்தில் கண் பாதிக்கப்பட, படிப்பு நின்றது. 1890 வாக்கில் 'குந்தலீன்' என்ற கூந்தல் தைலத்தோடு வியாபாரத்தில் இறங்கினார். அடுத்து 'தெல்கோஷ்' என்ற சென்ட். இதயத்துக்கு மகிழ்ச்சி தருவது என்று பொருள். படித்த வங்காளிகள் சீமை பாட்டில்களுக்கு மயங்கிக் கிடந்த காலம் அது. அதற்கு நிகரானதை இங்கேயே செய்யலாம் என்பதுதான் அவருடைய கட்சி. தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய 1906-ல் தெல்கோஷுக்குக் குறைந்தது பத்து வயது.

விற்பனைக்கு அவர் பிடித்த வழி இலக்கியம். 1896-ல் 'குந்தலீன் புரஸ்கார்' என்ற சிறுகதைப் போட்டியை அறிவித்தார். கதையில் குந்தலீனும் தெல்கோஷும் வர வேண்டும். ஆனால் விளம்பரம் என்று தெரியக்கூடாது. முதல் போட்டியிலேயே பரிசு பெற்றவர் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ். கொல்கத்தாவை மிரட்டிய புயல், கடலில் கொட்டிய ஒரு பாட்டில் குந்தலீனால் அடங்கிப்போகிறது என்பது கதை. வங்காள அறிவியல் புனைகதையின் முன்னோடிகளில் ஒன்றாக அது இன்று மதிக்கப்படுகிறது. 1903-ல் பரிசு பெற்ற 'மந்திர்' கதையை உறவினர் பெயரில் அனுப்பியிருந்தவர் சரத் சந்திரர்.

ஹெச். போஸ் அதோடு நிற்கவில்லை. ரவீந்திரநாத் தாகூரின் குரலை மெழுகு உருளைகளில் பதிவு செய்தார். அவருடைய மகன் நிதின் போஸ் சினிமா இயக்குநராகி, தாதாசாகேப் பால்கே விருது பெற்றார்.

1916-ல் ஹெச். போஸ் மறைந்தார். அவர் பரிசு கொடுத்த கதைகளை இன்றும் படிக்கலாம். தாகூர் பாடிய 'வந்தே மாதரம்' கேட்கக் கிடைக்கிறது. ஆனால் இத்தனைக்கும் மூலதனமாக இருந்த தெல்கோஷ் எப்படி மணந்தது என்று சொல்ல ஆளில்லை. குரலுக்கு உருளை உண்டு, கதைக்கு அச்சு உண்டு. வாசனைக்கு அப்படி ஒரு பெட்டகம் இல்லை. யாராவது திரும்பத் திரும்பக் காய்ச்சிக்கொண்டே இருந்தால்தான் அது உயிரோடு இருக்கும்.

சித்பூர் ரோட்டு அத்தருக்கு உள்ள மதிப்பும் அதுதான், ஆபத்தும் அதுதான். சந்தன எண்ணெயின் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டதால், அத்தர் தொழிலில் மலிவான செயற்கை எண்ணெய்கள் அதன் இடத்தைப் பிடித்துவருகின்றன. லேபிளில் பெயர் மாறுவதில்லை, விலை குறைவு, வாங்குகிறவர்களும் குறை சொல்வதில்லை. அசல் எப்படி இருந்தது என்று தெரிந்த மூக்குகள் உள்ளவரைதான் வித்தியாசம் பிடிபடும்.