யார் கேட்டது?

வம்சாவளி என்பது எனக்குத் திதி நாளில் மட்டும் ஞாபகம் வருகிற விஷயம். அப்பா, தாத்தா, கொள்ளுத் தாத்தா என்று மூன்று பெயர்களைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டால் கடமை தீர்ந்தது. நான்காவது பெயரை எந்தச் சாஸ்திரிகளும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் விழித்திருப்பேன்.

சென்ற கோடையில் ஜெர்மனியில் தம்பி வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். தம்பியின் மனைவி ஹெஸ்ஸன் மாநிலத்தில் ஒரு சிற்றூரைச் சேர்ந்த ஜெர்மன் பெண். அவர்கள் மகளுக்கு வயது 14. பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் ஒன்று வரைந்து வரச் சொல்லியிருந்தார்கள். "பெரியப்பா, நீங்க கதை எழுதறவர்தானே? கூட உட்காருங்க" என்றாள். கதைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை. ஜெர்மன் மொழியில் நன்றி சொல்வதற்கு மேல் எனக்கு ஒரு வார்த்தையும் வராது. இருந்தாலும் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் அந்த நாட்டின் ஒழுங்கு தெரிந்தது. 1876 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஜெர்மன் சாம்ராஜ்யம் முழுவதும் பிறப்பு, கலியாணம், சாவு மூன்றையும் சர்க்காரே பதிவு செய்து வந்திருக்கிறது. பிறப்புப் பதிவு 110 வருஷமும், கலியாணப் பதிவு 80 வருஷமும், சாவுப் பதிவு 30 வருஷமும் கழிந்த பிறகு யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதற்கு முந்திய காலத்துக்குத் தேவாலய ஏடுகள் இருக்கின்றன. கத்தோலிக்க ஏடுகளில் பலவற்றை 'மாத்ரிகுலா' என்ற இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். புராட்டஸ்டண்டு ஏடுகளுக்கு 'ஆர்க்கியோன்' என்ற தளம். அங்கே சந்தா கட்ட வேண்டும். என் தம்பி கட்டினான்.

முதல் நாளே ஊர்ப் பெயரில் இடறி விழுந்தோம். பெண் வழியில் ஒரு பாட்டி 'நோய்டோர்ஃப்' என்ற ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். புது ஊர் என்று அர்த்தமாம். முதல் உலகப் போருக்கு முன்பு அச்சான மேயர்ஸ் ஊர் அகராதி இணையத்தில் இருக்கிறது. அதைப் புரட்டினால் அதே பெயரில் வரிசையாக ஊர்கள்! நம் பக்கத்தில் 'புதூர்' என்று மட்டும் விலாசம் எழுதித் தபாலில் போட்டால் என்ன கதியோ அதே கதிதான்.

அடுத்த தொல்லை எழுத்து. அந்தக் காலத்து ஜெர்மன் கையெழுத்துக்குக் 'குரெண்ட்' என்று பெயர். 1941 வரை பள்ளிக்கூடங்களில் அந்த வகை எழுத்தைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். இன்றைய ஜெர்மானியர் பலருக்கே அது படிக்க வராது. 'இ' என்று நினைத்தது 'என்' ஆக இருக்கும். 'என்' போலிருக்கும் எழுத்தின் தலையில் ஒரு சிறு வளைவு இருந்தால் அது 'யு'. ஒரே ஒரு சொல்லுக்காக இரண்டு மாலைப் பொழுதுகள் மல்லாடினோம். கடைசியில் பார்த்தால் 'ஷ்னைடர்', அதாவது தையற்காரர். ஏழு தலைமுறைக்கு முந்திய தாத்தா ஒருவர் துணி தைத்துப் பிழைத்திருக்கிறார். குழந்தை கை தட்டினாள். என்னவோ நானே அவரைப் பெற்றெடுத்ததுபோல எனக்கும் பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் தம்பியின் மனைவி அலமாரியிலிருந்து ஒரு சிறிய புத்தகத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். அவளுடைய தாத்தாவின் புத்தகம் அது. அவர் கிராமத்துப் பள்ளி ஆசிரியர். உள்ளே கட்டம் கட்டமாகப் பெயர், பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, தொழில், மதம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் முத்திரை, கையொப்பம். தையற்காரரும் இருந்தார், புதூர்ப் பாட்டியும் இருந்தாள்.

"பெரியப்பா, எல்லாம் இதிலேயே இருக்கே! வீணா கஷ்டப்பட்டோமே!" என்று குதித்தாள் குழந்தை.

அவள் அம்மா சிரிக்கவில்லை. புத்தகத்தின் அட்டையைக் காட்டினாள். 'ஆனென்பாஸ்' என்று இருந்தது. முன்னோர் சீட்டு என்று சொல்லலாம். வருஷம் 1936.

பிறகு மெதுவாகச் சொன்னாள். 1933 ஏப்ரலில் நாஜி சர்க்கார் ஒரு சட்டம் கொண்டுவந்தது. சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவர்கள் தாங்கள் 'ஆரிய' வம்சம் என்று காட்ட வேண்டும். தாத்தா பாட்டிகள் நால்வரில் ஒருவர் யூதராக இருந்தாலே உத்தியோகத்துக்கு ஆபத்து. 1935-இல் நூரம்பர்க் சட்டங்கள் வந்தன. நால்வரில் மூவர் யூத மதத்தைச் சேர்ந்தவர்களாக இருந்தால் பேரனும் யூதன். அவனுக்குக் குடியுரிமை இல்லை. ரத்தம், ரத்தம் என்று மேடைதோறும் முழங்கியவர்கள், ரத்தத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியாமல், கடைசியில் தேவாலய ஏட்டைத்தான் புரட்டினார்கள். நாடெங்கும் மக்கள் பாதிரிமார்களுக்குக் கடிதம் எழுதி ஞானஸ்நானச் சான்று வாங்கி இப்படிக் கட்டங்களை நிரப்பினார்கள். இன்று பல குடும்பங்களில் வம்சாவளி அவ்வளவு சுத்தமாகக் கையில் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தாத்தாவிடம் அவளுக்குப் பிரியம் அதிகம். நல்ல மனிதர், எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர் என்றாள். அந்த நல்ல மனிதர் கட்டங்களை நிரப்பினார், உத்தியோகம் நிலைத்தது.

குழந்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நிரப்ப முடியாதவங்க?" என்று கேட்டாள்.

அதற்கும் இணையத்தில் ஏடு இருக்கிறது. கொல்லப்பட்ட யூதர்களின் பெயர்களை ஜெர்மன் மத்திய ஆவணக் காப்பகம் நினைவேடாகத் தொகுத்து எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. ஊர்ப் பெயரைக் கொடுத்துத் தேடலாம். அவள் கொடுத்தாள். சின்ன ஊர்தானே, ஒன்றிரண்டு பெயர் வரும் என்று நினைத்திருந்தேன். கணினித் திரை நிறைந்துவிட்டது. அவர்களில் ஒருவர் 1908-இல் பிறந்தவர். ஆசிரியர் பிறந்ததும் அதே ஊர், அதே வருஷம். ஒரே வகுப்பில், ஏன், ஒரே பெஞ்சில்கூட உட்கார்ந்திருக்கலாம். தையற்காரரைத் தேட இரண்டு நாள் பிடித்தது. இவரைத் தேட ஒரு நிமிஷம் பிடிக்கவில்லை.

"பெரியப்பா, நம்ம ஊர்லே யாராவது இப்படி, உன் தாத்தா யாரு, பாட்டி யாருன்னு கேப்பாங்களா?"

தம்பி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். கையில் காபி. என்னைப் பார்த்தான், உடனே பார்வையைக் காபிக்கு இறக்கிவிட்டான்.

ஜெர்மன் பெண்ணைக் கலியாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று அவன் எழுதியபோது அம்மா இரண்டு நாள் அழுதுவிட்டு மூன்றாம் நாள் புடைவை வாங்கக் கிளம்பிவிட்டாள். அத்தைகூட, "வெள்ளைக்காரி புளிக்குழம்பு சாப்பிடுவாளா?" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். சாதி விட்டுச் சாதி காதலிப்பவர்களைப் பற்றி அதற்குள் இரண்டு நாவல்கள் எழுதிப் பாராட்டும் வாங்கியிருந்த நான்தான் அவனுக்குப் பதில் போட்டேன். 'அவர்கள் என்ன மாதிரிக் குடும்பம், பூர்வீகம் எப்படி என்று நன்றாக விசாரித்தாயா?' மிகவும் பொறுப்பான அண்ணன் எழுதுகிற கடிதமாகத்தான் அன்று அது எனக்குப் பட்டது.

"கேப்பாங்க" என்றேன் குழந்தையிடம். "நான்கூடக் கேட்டிருக்கேன்."

யாரிடம் என்று அவள் கேட்கவில்லை. அவள் அம்மா ஜன்னலைச் சாத்த எழுந்து போனாள். அவளுக்கு அந்தக் கடிதத்தைப் பற்றித் தெரியுமோ, தெரியாதோ. தம்பி காபியை என் முன்னால் வைத்தான்.

குழந்தை மரத்தை வரைந்து முடித்தாள். முன்னோர் சீட்டில் இருந்த பெயர்களை அப்படியே எடுத்து எழுதவில்லை. ஒவ்வொன்றையும் தேவாலய ஏட்டில் தானே தேடிப் பார்த்த பிறகுதான் எழுதினாள். இன்னும் நாலு நாள் பிடித்தது. என் பக்கத்துக் கிளையில் மூன்று பெயர்கள்தாம். அதற்கு மேலே காலியாக விட்டுவிட்டாள். நான் ஊருக்குத் திரும்பி விசாரித்து எழுதுவதாகச் சொன்னேன்.

"அவசரமில்லை பெரியப்பா" என்றாள்.