பெட்டியோடு வரும் விசிறி

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வரி வரியாகக் கணக்குப் பார்ப்பது வழக்கம். பிராசஸர், மதர்போர்டு, ராம், எஸ்.எஸ்.டி. எல்லாவற்றுக்கும் எதிரே ஒரு தொகை இருக்கும். ஒன்றுக்கு மட்டும் இருக்காது. பிராசஸர் பெட்டிக்குள்ளேயே ஓர் அலுமினியக் கட்டியும் அதன் தலையில் ஒரு சின்ன விசிறியும் இலவச இணைப்பாக வந்துவிடுகின்றன, தீபாவளி மலரோடு வரும் காலண்டர் மாதிரி. "இது தாங்காது சார், தனியா ஒரு கூலர் போட்டுடலாம்" என்று கடைக்காரர் சொல்லும்போதுதான் அப்படியொரு பொருள் இருப்பதே பலருக்குத் தெரிகிறது. கூடுதல் செலவு இரண்டாயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே. போடுவதா, வேண்டாமா?

தில்லி நேரு பிளேஸிலும் சென்னை ரிச்சி தெருவிலும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும் அன்றாடம் எழும் கேள்வி இது. பதில்கள் இரண்டு ரகம். "கம்பெனிக்காரன் தெரியாமலா கொடுக்கிறான்?" என்பது ஒன்று. "நம்ம ஊர் வெயிலுக்கு அதெல்லாம் எடுபடாது" என்பது இன்னொன்று. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இரண்டாவது ரகத்தினர் பயப்படுவது பெரும்பாலும் தவறான விஷயத்துக்கு. பிராசஸர் எரிந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயம் ஒரு காலத்தில் நியாயமானதுதான். 1993இல் வந்த முதல் பென்டியம் சுமார் 15 வாட் மின்சாரம் தின்றதற்கே சூடான பேர்வழி என்று பெயர் வாங்கியது. 2001இல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற சோதனைக் குழு, ஓடிக்கொண்டிருக்கும்போதே கூலரைக் கழற்றிப் படம்பிடித்தது. ஏ.எம்.டி.யின் அத்லான் கண்ணிமைக்கும் நேரத்தில் புகைந்து போனது. இன்டெலின் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு உயிரோடு இருந்தது. இன்று இரண்டு கம்பெனிகளின் பிராசஸர்களும் அந்த இரண்டாவது ரகம்தான். 95 அல்லது 100 டிகிரியைத் தொட்டால் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் கம்ப்யூட்டரே அணைந்துவிடும். எரிவதில்லை.

ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. போதுமா என்றால், எதற்குப் போதுமா? இங்கேதான் கம்பெனிகளின் சாமர்த்தியம். 2022இல் வந்த இன்டெல் கோர் ஐ7-12700 பிராசஸரை எடுத்துக்கொள்ளலாம். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது 4.9 கிகாஹெர்ட்ஸ். இன்னொரு மூலையில் அடிப்படை வேகம் 2.1 என்று அடக்கமாக இருக்கும். அடிப்படை வேகத்துக்கு 65 வாட். முழு மூச்சில் ஓட 180 வாட் வரை. பெட்டியோடு வரும் விசிறி முதல் கணக்குக்குப் பழுதில்லாமல் ஈடுகொடுக்கும். இரண்டாவது கணக்கை அதனால் நெடுநேரம் சமாளிக்க முடியாது. பல மதர்போர்டுகள் வேறு, இந்த உச்சவரம்பை வந்தபோதே தளர்த்திவைத்திருக்கின்றன. காசு கொடுப்பது 4.9க்கு, விசிறி பொறுப்பேற்பது 2.1க்கு. இதை மோசடி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நேர்மை என்று சொல்லவும் நாக்கு கூசுகிறது. 'கே' என்ற எழுத்தில் முடியும் வேகமான பிராசஸர்களுக்கு 2015 முதலே இன்டெல் விசிறி தருவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது வெயில். எந்த விசிறியும் அறையின் வெப்பத்துக்குக் கீழே பிராசஸரைக் கொண்டுபோக முடியாது. அறைக் காற்றுக்கு மேல் எத்தனை டிகிரி ஏறவிடுகிறது என்பதுதான் அதன் தகுதி. 25 டிகிரி அறையில் 75 காட்டும் பிராசஸர், 40 டிகிரி அறையில் அதே வேலைக்குச் சுமார் 90 காட்டும். அன்றைய பென்டியம் 4 ஆவணங்களில் இன்டெல் ஒரு நிபந்தனை வைத்திருந்தது: விசிறிக்குள் நுழையும் காற்று 38 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அறை 35 டிகிரி, பெட்டிக்குள் மேலும் 3 என்பது கணக்கு. அந்தக் காலத்துக் கேபினெட்டின் பக்கவாட்டில் ஒரு பிளாஸ்டிக் குழாய் நீட்டிக்கொண்டிருந்ததே, அது அதற்காகத்தான். 2016 மே மாதம் ராஜஸ்தானின் பலோடியில் 51 டிகிரி பதிவானது. 2024 மே மாதம் தில்லி சப்தர்ஜங்கில் 46.8. மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறையில் 35 என்பது மே மாதத்தில் விடியற்காலைக் கனவு.

பாதிக்கப்படுவது யார்? தட்டச்சு செய்பவர்கள், டாலியில் கணக்கு எழுதுபவர்கள், டிக்கெட் பதிவு செய்பவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். அவர்களுடைய பிராசஸர் பகலில் பெரும்பகுதி சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஐ5-12400, ரைசன் 5 மாதிரியான நடுத்தர ரகங்களுக்குப் பெட்டி விசிறியே தாராளம். அவர்களிடம் இரண்டாயிரம் ரூபாய் கறப்பது அநியாயம்.

கல்யாண வீடியோ எடிட் செய்பவரின் கதை வேறு. வடக்கே ஏப்ரல், மே, ஜூன் மாதங்கள் முகூர்த்தக் காலம். வெயிலும் அப்போதுதான் உச்சத்தில். இருக்கிற சேமிப்பையெல்லாம் போட்டு வாங்கிய மெஷின். நான்கு மணி நேரப் படத்தை இரவோடு இரவாக முடித்துக் காலையில் பெண் வீட்டாரிடம் கொடுக்க வேண்டும். பிராசஸரின் எல்லாக் கோர்களும் மணிக்கணக்கில் ஒரே மூச்சாக உழைக்கும். சூடு ஏற ஏற வேகம் இறங்கும். திரையில் எச்சரிக்கை எதுவும் வராது. ஜனவரியில் நேரத்துக்கு முடிந்த வேலை மே மாதத்தில் முடியாமல் இழுக்கும். மெஷின் பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். அடுத்த வருடம் இன்னும் விலை கூடிய பிராசஸரை, அதே மாதிரி விசிறியோடு வாங்குவார். இந்த மனிதருக்கு அந்த இரண்டாயிரம் ரூபாய் ஆடம்பரமல்ல, தொழில் முதலீடு. செம்புக் குழாய்கள் ஓடும் கோபுர வடிவக் கூலர் ஒன்றும், கேபினெட்டின் பின்பக்கம் சூட்டை வெளியே தள்ள ஒரு விசிறியும் போதும். பளபளக்கும் வண்ண விளக்குகளுக்கும் குளிர்ச்சிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இதையெல்லாம் வாங்குவதற்கு முன் பைசா செலவில்லாமல் கவனிக்க வேண்டியவையும் உண்டு. நம் வீடுகளில் கம்ப்யூட்டர் மேஜை என்று விற்கப்படும் சாமானில் சி.பி.யு.வுக்கென்று மூன்று பக்கமும் அடைத்த ஓர் அறை இருக்கும். சிலர் அதற்குக் கதவும் போடுகிறார்கள். வெளியேற்றிய சூட்டையே பெட்டி மறுபடி சுவாசிக்கிறது. தூசுக்குப் பயந்து துணி உறை போட்டு, அதை எடுக்காமலேயே ஆன் செய்பவர்களும் இருக்கிறார்கள். இன்டெல் விசிறியின் நான்கு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று, கடையிலிருந்து ஆட்டோவில் வரும் வழியிலேயே கழன்றிருக்கலாம். அப்போது விசிறி சுற்றும், சத்தம் வரும், குளிர்ச்சி மட்டும் இருக்காது. வட இந்திய வீடுகளில் டெசர்ட் கூலருக்கு எதிரே பெட்டியை வைப்பதும் உண்டு. அறை குளிர்வது நல்லதுதான். ஆனால் ஈரக்காற்று நேராக அடித்தால் தூசு, அலுமினியத் தகடுகளின் இடுக்கில் கம்பளி மாதிரி படிந்து அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு எந்தக் கம்பெனி விசிறியாக இருந்தாலும் ஒன்றுதான்.

பெட்டி இல்லாமல் 'டிரே' பிராசஸர் என்று சற்று மலிவாகத் தருகிறார்களே, அதில் ஒரிஜினல் விசிறி கிடையாது. கடைக்காரர் மாட்டித் தருவது ஏதோ ஒரு விசிறி. பெட்டியில் வரும் பிராசஸருக்கு உள்ள மூன்று வருட வாரண்டியும் இதற்குக் கிடைக்காது; கடைக்காரர் தருவதுதான் வாரண்டி.

வருடத்துக்கு ஒரு முறை, மார்ச் மாதவாக்கில், பெட்டியைத் திறந்து தூசு தட்டினால் போதும். தெருமுனை சர்வீஸ்காரர் புளோயர் அடிக்கும்போது விசிறியின் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அது தாறுமாறான வேகத்தில் சுற்றி, பேரிங் கெட்டுவிடும். விசிறியைக் கழற்றினால் பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவித்தான் மாட்ட வேண்டும், ஒரு பட்டாணி அளவு.