மேசைப் போரும் மேற்கு வெள்ளமும்

மேசைமேற் சிறு பதுமைகளை அணிவகுத்து, அளவுகோலால் தூரம் அளந்து, போர் நிகழ்த்தும் விளையாட்டொன்று மேல்நாட்டில் உண்டு. செவ்வாய்க் கிரகத்தார் பூமிமேற் படையெடுத்த கதையை எழுதிய எச். ஜி. வெல்ஸ் என்பாரே 1913-ல் அதற்கொரு விதிநூல் இயற்றினார். 1987-ல் வெளிவந்த 'வார்ஹாம்மர் 40,000' முதலியன அதனை விண்மீன் உலகங்களுக்குக் கொண்டுசென்றன. யாமும், பதுமை வாங்கப் பொருளின்மையால் அட்டை நறுக்கி, வில்லியனூரில் நண்பரொருவர் வீட்டுத் திண்ணையில் விடுமுறைதோறும் அந்நிய கிரகங்களை வென்று வருகின்றோம்.

எம் ஆட்டத்தில் மழைவிதி மிக எளிதாயிருந்தது. பகடையில் ஆறு விழுந்தாற் புயல், இரு சேனையும் ஒருமுறை மெல்ல நகரும், மறுமுறை வெயிலடிக்கும். எம் கொம்யூன்களில் மழை அவ்வாறு பெய்து ஓய்வதில்லை.

இவை மெய்ப்போர் கண்ட ஊர்கள். 1752-ல் பாகூரில் லாரன்ஸ் பிரெஞ்சுப் படையை முறியடித்தார். 1760-ல் வில்லியனூர்க் கோட்டை ஆங்கிலேயர் கைப்பட்டது. 1761-ஆம் ஆண்டுப் பிறப்பன்று, புதுச்சேரியை முற்றியிருந்த ஆங்கிலக் கப்பல்களைப் புயல் தாக்கிற்று. சில அமிழ்ந்தன, சில கரையில் மோதி உடைந்தன, ஆயிரவர்க்கு மேல் மாண்டனர். கடல்வழி திறந்தது. ஆயினும் பசியால் மெலிந்திருந்த லாலியின் நகரத்திற்கு உணவு கொணர ஒரு கப்பலும் அருகில் இல்லை. சில நாளிற் பிற ஆங்கிலக் கப்பல்கள் வந்து வழியை மீண்டும் அடைத்தன. அம்மாத நடுவிலேயே நகரம் பணிந்தது. புயல் அளித்த வாய்ப்பை ஏற்கக் கையில் ஒன்றுமில்லாதவனுக்கு அது வாய்ப்பன்று போலும்!

2024-ல் யாம் கண்டது வேறுவகை. நவம்பர் 30-ஆம் தேதி இரவு 'பெஞ்சல்' புயல் கரை கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்குக் குறையாத மழை. பெருமழை விட்டது, இனிப் பயமில்லையென்று பாயை உலர்த்தியோரும் உளர். டிசம்பர் 2-ஆம் தேதி, திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையினின்று விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் தென்பெண்ணையில் விடப்பட்டது. பாகூர்ப்பக்கத்து ஆற்றங்கரை ஊர்களில் வயலும் வீடும் வெள்ளத்தில் நின்றன. தம்மூரில் பெய்த மழைக்குத் தப்பியவர், கண்ணாற் காணாத மழைக்குத் தப்பவில்லை.

ஆதலின் எம் கிரகத்திற்குப் புதுவிதி செய்தோம். மழை மேசை விளிம்பிற்கு அப்பாற் பெய்யும்; எவ்வளவென்று பகடையிட்டுச் சீட்டிலெழுதிக் கவிழ்த்து வைப்போம். நான்கு முறை கழித்து, நல்ல வெயிலில், ஆறு பெருகும். பள்ளத்து இயந்திரச் சேனையும் உணவுக் கிடங்கும் போய்விடும். முதலாட்டத்தில், மிகுதியான ஒளித்துப்பாக்கி உடையவரே தோற்றார். எதிரி சுடாமல் தோற்பதும் போராகுமோ என அவர் வழக்காடினார். கிடங்கைத் தொடக்கத்திலேயே மேட்டில் வைத்திருந்த பாகூர் நண்பர், நான்கு முறை மிகை, இரண்டே போதும் என்கிறார். அது இன்னும் தீரவில்லை.