எறும்பு சாக்பீஸ்

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகிற பெற்றோரின் பெட்டியில் என்ன இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பருப்புப் பொடி, மாவடு, குக்கர் காஸ்கெட், பேரனுக்குக் கடலை உருண்டை. 2018 மே மாதம் நாங்கள் போனபோது கூடுதலாக ஒரு ஐட்டம் இருந்தது. எறும்பு சாக்பீஸ், மூன்று பாக்கெட். வைத்தது என் மனைவி இல்லை. நான்.

காரணம், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் பையன் போனில் சொன்னது. "அப்பா, இந்த வாட்டி ஓட்டல் எல்லாம் கிடையாது. மோட்டார் ஹோம் வாடகைக்கு எடுத்திருக்கேன். அஞ்சு ராத்திரி வண்டியிலயே சமையல், வண்டியிலயே தூக்கம். ஒரே பயம், எறும்புதான். உள்ள வந்துட்டா லேசுல போகாதாம். மருந்து அடிக்கிற செலவை டெபாசிட்லேர்ந்து பிடிச்சுப்பாங்க."

எறும்பா? அதற்கா பயம்? எறும்பு விஷயத்தில் எனக்கு ஐம்பது வருஷ சர்வீஸ்.

நான் வளர்ந்த வீட்டில் சாப்பாட்டு அலமாரியின் நான்கு கால்களும் நான்கு கிண்ணத் தண்ணீரில் நிற்கும். வெல்லம் வைத்த டின் ஒரு தட்டுத் தண்ணீருக்கு நடுவில் தீவு மாதிரி இருக்கும். விடிந்ததும் அம்மா வாசலில் அரிசி மாவுக் கோலம் போடுவாள். புண்ணியம் என்பாள். வாசலிலேயே சோறு போட்டு அனுப்பிவிடும் ராஜதந்திரம் என்பது என் கட்சி. பிறகு எறும்பு சாக்பீஸ் வந்தது. ஒரு கோடு கிழித்தால் வேலை முடிந்தது. கிண்ணங்கள் பரணுக்குப் போயின. எங்கள் வீட்டில் கோடு கிழிக்கிற இலாகா என்னுடையது.

மோட்டார் ஹோமைப் பார்க்காதவர்களுக்கு: நம்மூர் மினி பஸ்ஸுக்குள் ஒரு போர்ஷன் வீட்டைத் திணித்தால் எப்படி இருக்கும், அதுதான். டிரைவர் தலைக்கு மேலே ஒரு பரண் படுக்கை. காஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ், சாப்பாட்டு மேஜை, பின்னால் ஒரு பீரோ அளவுக்குக் குளியலறை. கல்யாணமான புதிதில் நாங்கள் இருந்த திருவல்லிக்கேணி போர்ஷனில் இத்தனை வசதி கிடையாது.

சான்ஹோசேயிலிருந்து தெற்கே 300 கிலோமீட்டர் ஓட்டி, பிஸ்மோ பீச் பக்கத்தில் ஒரு முகாமில் நிறுத்தினோம். கடல் காற்று, யூகலிப்டஸ் மர நிழல். பையன் வண்டியின் வயிற்றிலிருந்து மூன்று வஸ்துக்களை உருவி வெளியே மாட்டினான். ஒன்று கரண்ட் வயர், ஒன்று தண்ணீர்க் குழாய், ஒன்று கழிவுக் குழாய். ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருக்கிற ஆள் மாதிரி வண்டி சாதுவாக நின்றது.

இரண்டாம் நாள் காலையில் அவர்கள் வந்துவிட்டார்கள். பேரன் சிந்திய ஆப்பிள் ஜூஸைச் சுற்றி ஒரு கூட்டம், அங்கிருந்து பாத்திரம் தேய்க்கும் தொட்டி வரைக்கும் பென்சிலால் போட்டது மாதிரி ஒரு வரிசை. நம் பிள்ளையார் எறும்பு சைஸ், ஆனால் பழுப்பு நிறம்.

பையன் பால் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். நான் பெட்டியைத் திறந்தேன். கதவு நிலையில் ஒரு கோடு, தொட்டி ஓரமாக ஒன்று, மேஜைக் காலைச் சுற்றி, படுக்கைக்குக் கீழே... லட்சுமணன் ஒரு கோடு கிழித்ததாகத்தான் கதை. நான் ஏழு கிழித்தேன். பேரன் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். அவனுக்கு அப்போது இரண்டரை வயசு. தாத்தா தரையில் படம் போடுகிறார், யாரும் திட்டவில்லை, இது என்ன புது உலகம் என்கிற மாதிரி ஒரு முகம்.

எறும்பு நின்றது. ஒரு மணி நேரம். பிறகு ஸ்விட்ச் போர்டின் பின்னாலிருந்து ஒரு வரிசை இறங்கியது. கூரை ஜன்னல் வழியாக இன்னொன்று. எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, மீதித் துண்டை மேஜை மேல் வைத்துவிட்டு வெளியே போனேன். வண்டியை ஒரு சுற்றுதான் சுற்றினேன். மூன்று நிமிஷம் ஆகியிருக்காது.

உள்ளே வந்தால் பேரன் மேஜையில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். உதடு வெள்ளையாக இருந்தது.

என் மருமகள் கத்தவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். சாக்பீஸைப் பிடுங்கினாள், குழந்தையைத் தூக்கினாள், போனை எடுத்தாள். அந்த நாட்டில் விஷ விஷயத்துக்கென்றே இருபத்து நாலு மணி நேரமும் ஒரு இலவச எண் இருக்கிறது. எடுத்த அம்மாள் பதற்றமே இல்லாமல் கேட்டாள். வயசு என்ன? எடை என்ன? கடித்தானா, நக்கினானா? துண்டில் எவ்வளவு குறைந்திருக்கிறது? பாக்கெட்டில் என்ன மருந்து என்று போட்டிருக்கிறது?

"மாமா, படிங்க" என்று என் பக்கம் திரும்பினாள்.

மூக்குக் கண்ணாடி எங்கே என்று தெரியவில்லை. அந்தப் பாக்கெட்டில் எழுத்து கடுகு சைஸ். வெளிச்சத்துக்காக வாசற்படிக்குப் போய், கையை நீட்டிப் பிடித்து, நடுங்குகிற கையை இன்னொரு கையால் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படித்தேன். டெல்... டா... மெத்ரின். பத்து வருஷத்துக்கு மேலாக வாங்குகிற பொருள். உள்ளே என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் படிக்கிறேன். பக்கத்திலேயே 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்றும் போட்டிருந்தது.

வாயை ஈரத்துணியால் துடையுங்கள், கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள், கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள், வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், ஜொள்ளு அதிகம் விட்டாலோ துவண்டாலோ உடனே ஆஸ்பத்திரி. இதுதான் உத்தரவு. ஒரு மணி நேரம் கழித்து அந்த அம்மாளே திரும்பக் கூப்பிட்டாள். அதற்குள் குழந்தை இரண்டு இட்லி தின்றுவிட்டு மூன்றாவதை எறிந்துகொண்டிருந்தான். நக்கியதோடு சரி, கடிக்கவில்லை போலிருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை. இந்தச் சாக்பீஸை அமெரிக்காவில் விற்பதே சட்டவிரோதம், எழுதுகிற சாக்பீஸ் என்று நினைத்துக் குழந்தைகள் வாயில் வைத்துவிடுகிறார்கள் என்று அவள் சொன்னதை மருமகள் எனக்குச் சொல்லவில்லை. போன் ஸ்பீக்கரில் இருந்தது.

ஏழு கோடுகளையும் அவளே துடைத்தாள். "மீதி எங்க மாமா?" என்றாள். மூன்று பாக்கெட்டையும் கொடுத்தேன். பையன் வந்து விஷயம் கேட்டு, "விடுப்பா, ஒண்ணும் ஆகலையே" என்றான். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு குழந்தை அவள் இடுப்பை விட்டு இறங்கவில்லை. பாத்ரூமுக்குக்கூடத் தூக்கிக்கொண்டு போனாள். "தாத்தாகிட்ட போ" என்ற வார்த்தை அந்த வண்டியில் நின்றுபோனது. இருபத்தெட்டு அடி நீள வீட்டில் ஒருவர் பேசாமல் இருந்தால் எங்கே போய் உட்காருவது?

வெளியே போய் உட்கார்ந்தேன். பக்கத்து வண்டிக் கிழவர் காபிக் கோப்பையோடு வந்தார். வீட்டை விற்றுவிட்டு ஒன்பது வருஷமாக வண்டியிலேயே வாழ்கிறவர். சமாச்சாரத்தைச் சொன்னேன். ஆறுதல் எதுவும் சொல்லாமல், "வா, உன் வண்டியைப் பார்க்கலாம்" என்று எழுந்தார்.

டயர்களை எண்ணச் சொன்னார். பின்னால் இரட்டை, மொத்தம் ஆறு. கரண்ட் வயர், தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், ஆக ஒன்பது. கடைசியாக மேலே கைகாட்டினார். ஒரு யூகலிப்டஸ் கிளை கூரையை உரசிக்கொண்டிருந்தது. பத்து. "இந்த வண்டி பூமியோடு சம்பந்தப்படுகிற இடம் மொத்தம் இவ்வளவுதான். நீ உள்ளே எதற்குக் கோடு போட்டாய்?" என்றார்.

குனிந்து பார்த்தேன். கரண்ட் வயரின் மேல் நாலு லேன் ஹைவே மாதிரி போய்க்கொண்டிருந்தது.

எறும்போடு விடவில்லை மனுஷர். குழாய்கள் நுழைகிற ஓட்டைகளைக் காட்டி, பென்சில் போகிற இடைவெளி இருந்தால் சுண்டெலி போகும், இரும்பு நார் அடைத்து வை என்றார். எலி என்றால் அங்கே பொட்டலத்தைக் கடிப்பதோடு போவதில்லை. 2012-ல் யோசெமிட்டி பூங்காவின் கூடாரக் குடில்களில் இரட்டைச் சுவருக்கு நடுவே மான் எலிகள் கூடு கட்ட, ஹாண்டா வைரஸ் பரவி பத்துப் பேர் படுத்தார்கள், மூன்று பேர் இறந்தார்கள். ஹீட்டரின் புகைத் துவாரத்தில் குளவி மண் கூடு கட்டும். அடுப்பு திடீரென்று மஞ்சளாக எரிந்தால் காஸ் குழாயில் சிலந்தி வலை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எலிக்குக் காட்டிய முகத்தை அவர் சிலந்திக்குக் காட்டவில்லை. ஒன்பது வருஷப் பழக்கம்.

ராத்திரி தூக்கம் வராமல் பையனின் லேப்டாப்பில் அந்த எறும்பைப் பற்றிப் படித்தேன். அர்ஜென்டினா எறும்பு. பரானா ஆற்றங்கரைதான் பூர்வீகம். 1891-ல் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள், 1907-க்குள் கலிஃபோர்னியா வந்துவிட்டது. சான்டியாகோ எறும்பைப் பிடித்துக்கொண்டுபோய் சான்ஃபிரான்சிஸ்கோ எறும்புகள் நடுவே விட்டால் சண்டை வராதாம். கிட்டத்தட்ட 900 கிலோமீட்டருக்கு ஒரே கூட்டுக்குடும்பம். நம்மால் ஒரே காம்பவுண்டில் அண்ணன் தம்பி குடித்தனம் நடத்த முடியவில்லை. ஒரு கூட்டில் ராணிகளும் பல. அதனால் மேலே தெரிகிற நூறை நசுக்கி ஒரு பிரயோஜனமும் கிடையாது. சர்க்கரைத் தண்ணீரில் நூற்றுக்கு ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ போராக்ஸ் கலந்து வைப்பார்கள். மருந்து அதிகமானால் தின்ற எறும்பு வழியிலேயே செத்துவிடும். குறைவாக இருந்தால்தான் வீட்டுக்குக் கொண்டுபோய் ராணிக்கும் குஞ்சுக்கும் ஊட்டும். படித்துவிட்டு மூடிவைத்தேன். அன்றைக்கு அந்த 'ஊட்டும்' என்ற இடம் நன்றாக இல்லை.

மனைவியும் தூங்கவில்லை. இருட்டில் மெதுவாகச் சொன்னாள். "அலமாரிக்கு உள்ளயா தண்ணி வெச்சோம்? கால்லதானே வெச்சோம்." அவ்வளவுதான். கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் இவள் சொன்ன நல்ல யோசனை எல்லாமே காரியம் கெட்ட பிறகுதான் எனக்குக் காதில் விழுந்திருக்கிறது.

மறுநாள் காலை நானும் பையனும் வேலையில் இறங்கினோம். முதலில் வண்டியைக் கிளையிலிருந்து ஆறடி தள்ளி நிறுத்தினோம். வயர், குழாய்களைக் கழற்றித் துடைத்து மாட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு சாண் நீளத்துக்கு வாஸலின் தடவினோம். டயரைச் சுற்றி, கிழவர் கொடுத்த பாசி ஓட்டுப் பொடியைப் போட்டோம். எறும்பின் மேல்தோல் மெழுகைச் சுரண்டி உலர்த்திவிடும் பொடி அது. விடியற்காலைக் கடல் பனியில் நனைந்து களியாகிவிட்டது, தினம் புதிதாகப் போட வேண்டியிருந்தது. மூடி போட்ட மருந்து டப்பா ஒன்றை கரண்ட் கம்பத்தடியில், குழந்தை கை எட்டாத இடத்தில் வைத்தோம். வைத்த அன்று கூட்டம் இரண்டு மடங்கானது. அப்படித்தான் ஆகும், கலைக்காதே என்று கிழவர் முன்னாலேயே சொல்லியிருந்தார்.

உள்ளே சோப்புத் தண்ணீரில் நானே துடைத்தேன். முதல் எறும்பு விட்டுப்போகிற வாசனைத் தடத்தைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்தது வருகிறது, துடைத்துவிட்டால் வழி தெரியாது. மேஜைக்குக் கீழே மண்டியிட்டு ஜூஸ் கறையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மருமகள் தாண்டிப் போனாள். "முழங்கால் வலிக்கும் மாமா, விடுங்க" என்றாள். ஒரு நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வாக்கியம். நான் விடவில்லை.

நான்காம் நாள் உள்ளே பத்துப் பதினைந்து எறும்பு. ஐந்தாம் நாள் இரண்டே இரண்டு, வழி தவறியவை. அன்று சாயங்காலம் பையனும் என் மனைவியும் கடற்கரைக்குப் போயிருந்தார்கள். நான் வாசற்படியில் இருந்தேன். மருமகள் தோளில் துண்டோடு வந்து நின்றாள். குழந்தையை இறக்கி என் மடியில் வைத்தாள்.

"கொஞ்சம் பார்த்துக்கோங்க மாமா. குளிச்சிட்டு வந்துடறேன்."

அவன் இரண்டு கைகளையும் என் கைகளுக்குள் வைத்துக்கொண்டேன். வாயில் எதுவும் இல்லையே என்று இரண்டு தடவை திறந்து பார்த்தேன். மூன்றாவது தடவை கடித்துவிட்டான். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம். அந்த வண்டியின் வெந்நீர்த் தொட்டி இருபத்திரண்டு லிட்டர்தான், பத்து நிமிஷத்துக்கு மேல் தாங்காது.

பத்து நிமிஷமும் குளித்தாள்.