இருண்ட திரை

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, கல்லூரி நாட்களைப் பற்றியே எழுதக் கருதினேன். ஆயின், மூதூரிலிருந்து லோஞ்ச் ஏறித் திருகோணமலைக்கு வந்து பயின்ற கதையை என்னினும் நன்றாக எழுத வல்லார் பலர் உளர். ஆதலின், அண்மையில் என்னை மூன்று நாட்கள் உறங்கவிடாத விடயமொன்றையே எழுதத் துணிந்தேன். தமிழாசிரியனுக்குக் கணினியைப் பற்றி என்ன தெரியுமென்று நண்பர்கள் நகைக்கலாம். நகைக்கட்டும்.

எங்கள் சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்தனர். கிளிவெட்டி முதலிய இடங்களின் முகாம்களில் ஆண்டுகள் கழிந்தன. 2015, 2016ஆம் ஆண்டுகளிலேதான் ஊர்மண்ணை மீண்டும் மிதித்தோம். எங்கள் வீட்டில் கொப்பி, புகைப்படம், பழைய புத்தகம் என இருந்தவை யாவும் போயின. முதியோர் நெஞ்சிலிருந்த பாடல்களே எஞ்சின. தாலாட்டும் ஒப்பாரியும் நிறைய அறிந்த ஆச்சி ஒருவரிடம் மாலைதோறும் சென்று, அவர் சொல்லச் சொல்ல என் மடிக்கணினியில் எழுதி வந்தேன். பிரதியெடுத்து வைக்கும் புத்தி அப்போது வரவில்லை. ஆச்சி காலமாகி முப்பத்தோராம் நாள் முடிந்த கிழமை, மடிக்கணினியின் திரை இருண்டது.

உள்ளே விசிறி சுழலும் ஒலி கேட்டது. திரை மட்டும் கரும்பலகையாய்க் கிடந்தது. என்னிடம் உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவனொருவன் வந்து, டோர்ச் வெளிச்சத்தைத் திரையின்மேற் சாய்வாகப் பிடித்தான். "சேர், வடிவாப் பாருங்கோ" என்றான். நிழலினும் மெல்லியதாய் எழுத்துகள் தெரிந்தன! படம் இருக்கிறது, பின்னிருந்து ஒளியூட்டும் விளக்கே அணைந்தது என்று விளக்கினான்.

வெளித்திரையொன்றை இணைப்பதே வழி. அதிபரின் அனுமதியோடு, பாடசாலையில் ஒதுக்கி வைத்திருந்த பழைய மொனிற்றரைக் கொண்டுவந்தோம். அதிலிருந்ததோ பதினைந்து துளைகள் கொண்ட வி.ஜி.ஏ. வாய், மடிக்கணினியிலோ எச்.டி.எம்.ஐ. வாய் மட்டுமே. நகரிற் கடையொன்றில் இரண்டையும் பொருத்தும் வயரொன்றை வாங்கிவந்து மாட்டினால், 'சிக்னல் இல்லை' என்ற சொற்களே மிதந்தன. திருகாணிகளை இறுக்கினோம், மொனிற்றரின் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தினோம். ஒரு நாள் வீணாயிற்று. ஈற்றில், வயரின் உறையிலிருந்த சிற்றெழுத்தைப் படித்த பின்னரே உண்மை விளங்கியது. அது வி.ஜி.ஏ.யை எச்.டி.எம்.ஐ. ஆக்குவது, எமக்கு வேண்டியதோ நேர்மாறானது. இத்தகைய மாற்றிகள் ஒரு திசையிலேயே தொழிற்படுவனவாம். தமிழை ஆங்கிலமாக்க மட்டுமே தெரிந்தவனிடம் ஆங்கிலக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, அவன் வாய் திறக்கவில்லையே என்று கோபித்த கதை எங்களுடையது.

மறுநாள் சரியான வயர் வந்தது. கடவுச்சொல்லை இருட்டிலே தட்டினேன். மொனிற்றரில் நீல வானமொன்று விரிந்தது. அவ்வளவுதான், கோப்புமில்லை, குறியுமில்லை. எல்லாம் அழிந்தனவென்றே எண்ணினேன். கை நடுங்கியதை மாணவன் கண்டிருப்பான்.

"அழியேல்லை சேர். ரெண்டு திரையையும் ஒரே நீள மேசையா நினைச்சுக்கொண்டிருக்கு. சாமானெல்லாம் இருட்டுப் பக்கம் கிடக்கு."

விண்டோஸ் விசையை அழுத்தியபடி பி விசையைத் தட்டினான். நான்கு தெரிவுகள் தோன்றின, அவையும் இருண்ட திரையிலேதான். நான் டோர்ச் பிடிக்க, அவன் அம்புக்குறி விசையாற் கடைசித் தெரிவுக்குச் சென்றான்: இரண்டாம் திரையில் மட்டும் காட்டுக. என்டர் விசையைத் தட்டியதும் கோப்புகளெல்லாம் மொனிற்றருக்கு வந்து சேர்ந்தன. எழுத்துகள் சற்று மங்கலாயிருந்தன. திரைக்குரிய 1280, 1024 என்னும் அளவைத் தெரிந்ததும் தெளிந்தன.

முதல் வேலையாக எல்லாவற்றையும் இரண்டு பென்டிரைவ்களிற் பிரதியெடுத்தோம். மாணவன் சென்றபின் தனியே இருந்து படித்தேன். கடைசித் தாலாட்டு மூன்றாம் அடியோடு நின்றிருந்தது. அன்று மாலை ஆச்சிக்கு இளைப்பு அதிகம். "மிச்சம் நாளைக்குச் சொல்லுறன் தம்பி" என்றிருந்தார்.